பாஸ்வேர்டு போட்ட அக்சஸ் ஃபைல்களுக்கிடையே டேபிளை மாற்றுவது எப்படி?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் கம்ப்யூட்டரில் ஓர் அக்சஸ் ஃபைல் (அக்சஸ் என்பது விவரங்களைப் பட்டியல்களாகச் சேர்த்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் புரோகிராம்; அந்தப் பட்டியல்தான் டேபிள்). சிந்தாமணிப் பக்கம் இருக்கும் குடோனில் இன்னொரு கம்ப்யூட்டர், அதில் இன்னொரு அக்சஸ் ஃபைல். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என்று சுற்றுவட்டாரக் கடைக்காரர்களின் பெயர், போன் நம்பர், பாக்கி எல்லாம் இரண்டிலும் பாதிப் பாதியாகக் கிடக்கின்றன. இரண்டுக்கும் பாஸ்வேர்டு உண்டு, அதுவும் வேறு வேறு. குடோன் ஃபைலில் இருக்கும் டேபிள்களைக் கடை ஃபைலுக்குக் கொண்டுவர வேண்டும்.

இரண்டு பாஸ்வேர்டும் தெரிந்திருந்தால் டேபிளை மாற்றுவது சில கிளிக்குகளில் முடிகிற வேலைதான். ஆட்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். பாஸ்வேர்டு எதைப் பூட்டுகிறது என்பதில் குழப்பம், இரண்டு ஃபைலிலும் ஒரே நம்பர் வேறு வேறு ஆளுக்கு இருப்பது, பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பெயர்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவற்றைப் பற்றித்தான்.

பாஸ்வேர்டு எதைப் பூட்டுகிறது

அக்சஸில் ஒரு ஃபைலுக்குள் பல டேபிள்கள் இருக்கும். கடைக்காரர் பட்டியல் ஒரு டேபிள், சரக்குப் பட்டியல் ஒரு டேபிள், பில் ஒரு டேபிள். பாஸ்வேர்டு முழு ஃபைலுக்கும் சேர்த்து ஒன்றுதான். தனித்தனி டேபிளுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. பீரோவைப் போல. பூட்டு பீரோவுக்கு, உள்ளே இருக்கும் துணிக்கு அல்ல. துணியை எடுத்து அடுத்த பீரோவில் வைத்தால், அந்த பீரோவின் சாவிதான் அதற்கும் காவல்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தானாகத் தெரிந்துவிடும். குடோன் ஃபைலின் பாஸ்வேர்டு டேபிளோடு சேர்ந்து பயணம் செய்யாது. கடை ஃபைலுக்குள் வந்த பிறகு கடை ஃபைலின் பாஸ்வேர்டுதான் செல்லும். கடை ஃபைலுக்குப் பாஸ்வேர்டே இல்லையென்றால், அதுவரை பூட்டியிருந்த பாக்கிக் கணக்கு அந்த நிமிடம் முதல் திறந்து கிடக்கும். அக்சஸ் இதைப் பற்றி எச்சரிக்கை எதுவும் தராது.

பூட்டின் உறுதியும் எல்லா ஃபைலிலும் ஒன்றல்ல. ஃபைல் பெயரின் வால் எம்.டி.பி. என்றிருந்தால் அது பழைய வகை. 1992இல் அக்சஸ் வந்தது முதல் 2003 பதிப்பு வரை அதுதான் வழக்கமான வகை. அதில் பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே இருக்கும் விவரம் அதனால் குழப்பி எழுதப்படுவதில்லை. வாசலில் ஒரு கேள்வி கேட்கும், அவ்வளவுதான். 2007 பதிப்போடு வந்த ஏ.சி.சி.டி.பி. வகையில் பாஸ்வேர்டு போட்டால் விவரம் முழுவதும் என்கிரிப்ட் ஆகிறது, அதாவது குழப்பி எழுதப்படுகிறது. இதில் பாஸ்வேர்டை மறந்தால் மீட்பது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முக்கியக் கணக்கை இன்னும் எம்.டி.பி.யில் வைத்துக்கொண்டு "பாஸ்வேர்டு இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பது சரியல்ல.

எம்.டி.பி. காலத்தில் இன்னொரு வகைப் பாதுகாப்பும் இருந்தது. திறக்கும்போது பாஸ்வேர்டு மட்டும் கேட்காமல் யூசர் பெயரும் கேட்டால் அது அந்த வகை. அதற்கு எம்.டி.டபிள்யூ. என்று முடியும் துணை ஃபைல் ஒன்று வேண்டும். அந்த ஃபைல் தொலைந்திருந்தால் சரியான பாஸ்வேர்டு தெரிந்தும் "அனுமதி இல்லை" என்ற பதில்தான் வரும். அப்படிப்பட்ட ஃபைலில் கை வைக்கும் முன் அந்தத் துணை ஃபைலைத் தேடி எடுத்து, நிர்வாகி பெயரில் உள்ளே போங்கள். ஏ.சி.சி.டி.பி.யில் இந்த முறை இல்லவே இல்லை.

தொடங்கும் முன்

இரண்டு ஃபைலையும் மூடிவிட்டு இரண்டையும் வேறு ஃபோல்டரில் ஒரு காப்பி எடுங்கள். மூடிவிட்டு என்பது முக்கியம். ஃபைல் திறந்திருக்கும்போது அதே ஃபோல்டரில் அதே பெயரில் எல்.ஏ.சி.சி.டி.பி. என்ற வாலோடு ஒரு சின்ன ஃபைல் தோன்றும். பழைய வகைக்கு எல்.டி.பி. அது தெரிந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று பொருள். அந்த நேரத்தில் எடுக்கும் காப்பி அரைகுறையாக இருக்கலாம். எல்லோரும் வெளியே வந்த பிறகும் அந்தச் சின்ன ஃபைல் போகவில்லையென்றால், கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றதில் மிஞ்சியதாக இருக்கும். ஒருமுறை ஃபைலைத் திறந்து மூடினால் போய்விடும்.

அடுத்து, பாஸ்வேர்டு இரண்டும் உண்மையிலேயே சரிதானா என்று ஒவ்வொரு ஃபைலையும் நேரடியாகத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. தமிழ் அடிக்கும் கம்ப்யூட்டர்களில் இதைவிட அதிகம் ஏமாற்றுவது கீபோர்டு. தமிழ்99 விசைப்பலகை போட்டபடியே பாஸ்வேர்டு பெட்டிக்குப் போனால் உள்ளே விழுவது தமிழ் எழுத்து. திரையில் தெரிவதோ நட்சத்திரம் மட்டும். சரியான பாஸ்வேர்டை நான்கு முறை அடித்தும் தவறு என்று சொன்னால் முதலில் டாஸ்க்பாரில் மொழியைப் பாருங்கள்.

வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் குடோன் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுவந்தால், பென்டிரைவிலிருந்தே வேலை செய்ய வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் போட்டுக்கொண்டு அங்கிருந்து எடுங்கள்.

இம்போர்ட் செய்யும் வழி

டேபிள் எங்கே வந்து சேர வேண்டுமோ அந்த ஃபைலைத் திறந்து, மற்றதிலிருந்து இழுப்பதே நல்ல முறை. எக்ஸ்போர்ட் செய்தும் தள்ளிவிடலாம், ஆனால் எக்ஸ்போர்ட்டில் ஒரு தடவைக்கு ஒரு டேபிள்தான் போகும். இம்போர்ட்டில் எல்லா டேபிளையும் ஒரே மூச்சில் எடுக்கலாம், டேபிள்களுக்கு இடையே உள்ள உறவுகளும் (ஒரு டேபிளில் உள்ள நம்பர் இன்னொரு டேபிளில் யாரைக் குறிக்கிறது என்ற இணைப்பு) கூடவே வரும்.

கடை ஃபைலை அதன் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கவும். மேலே எக்ஸ்டர்னல் டேட்டா என்ற தாவலில் நியூ டேட்டா சோர்ஸ், அதில் ஃப்ரம் டேட்டாபேஸ், அதில் அக்சஸ். 2007, 2010 பதிப்புகளில் இவ்வளவு படிகள் இல்லை, அக்சஸ் பொத்தான் நேராகவே தெரியும். வரும் பெட்டியில் பிரவுஸ் கொடுத்துக் குடோன் ஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டு தேர்வுகள். முதலாவது இம்போர்ட், டேபிளைக் காப்பியாக உள்ளே கொண்டுவருவது. இரண்டாவது லிங்க், டேபிள் அங்கேயே இருக்க இங்கிருந்து அதைச் சுட்டிக்காட்டுவது. முதலாவதை வைத்து ஓகே கொடுத்ததும் பாஸ்வேர்டு கேட்கும். இங்கே கேட்பது குடோன் ஃபைலின் பாஸ்வேர்டு. கடை ஃபைலுக்குள் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள், அதை மறுபடி கேட்காது. புதிதாகச் செய்பவர்கள் இங்கே பழக்கதோஷத்தில் கடை பாஸ்வேர்டை அடித்துவிட்டு விழிப்பது உண்டு.

பாஸ்வேர்டு சரியானால் டேபிள்களின் பட்டியல் வரும். வேண்டியதை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து குறித்துக்கொள்ளுங்கள். ஓகே கொடுக்கும் முன் ஆப்ஷன்ஸ் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ரிலேஷன்ஷிப்ஸ் என்ற இடத்தில் டிக் இருந்தால்தான் டேபிள்களுக்கிடையே உள்ள உறவு சேர்ந்து வரும். அதுவும் உறவுள்ள டேபிள்கள் எல்லாம் அதே தடவையில் தேர்வாகியிருந்தால் மட்டும். கடைக்காரர் டேபிளை இன்றைக்கும் பில் டேபிளை நாளைக்குமாக எடுத்தால் இரண்டும் வந்துவிடும், உறவு வராது, நீங்களே மறுபடி போட வேண்டும். அதே ஆப்ஷன்ஸில் டெஃபினிஷன் அண்ட் டேட்டா, டெஃபினிஷன் ஒன்லி என்று இரண்டு தேர்வு இருக்கும். இரண்டாவதைக் குறித்தால் டேபிளின் வெறும் கட்டமைப்புதான் வரும், ஒரு ரெக்கார்டும், அதாவது ஒரு வரி விவரமும், வராது.

கடை ஃபைலில் ஏற்கெனவே அதே பெயரில் டேபிள் இருந்தால் அக்சஸ் அதன்மேல் எழுதாது. புதிதாக வரும் டேபிளின் பெயருக்குப் பின்னால் 1 என்று சேர்த்து வைக்கும். இது பிழையல்ல, பின்னால் சேர்க்கும் வேலைக்கு இதுவே வசதி.

டேபிள் வந்தது, விவரம் வரவில்லை

இம்போர்ட் ஆன டேபிளின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி தெரிந்தால் வந்தது டேபிள் அல்ல, லிங்க். பல கடைகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பவர்கள் ஃபைலை இரண்டாகப் பிரித்து வைப்பார்கள். பில் போடும் ஃபாரம், ரிப்போர்ட் எல்லாம் ஒன்றில். உண்மையான டேபிள்கள் வேறொன்றில். முதல் ஃபைலைத் திறந்தால் டேபிள் இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் அது இரண்டாவது ஃபைலைக் காட்டும் சுட்டி. அதை இம்போர்ட் செய்தால் உங்கள் ஃபைலுக்கு வருவதும் சுட்டிதான். அந்த இரண்டாவது ஃபைலை அழித்ததும், அல்லது இடம் மாற்றியதும், "ஃபைலைக் காணவில்லை" என்று 3024 என்ற எண்ணோடு பிழை வரும்.

சரிசெய்ய நல்ல வழி, உண்மையான டேபிள் உள்ள இரண்டாவது ஃபைலைக் கண்டுபிடித்து அதிலிருந்தே இழுப்பது. அந்த லிங்க் டேபிள்மேல் மவுஸை வைத்தால் எந்த ஃபைல் என்று பாதை தெரியும். 2010க்குப் பிந்தைய பதிப்பு என்றால் லிங்க்மேல் ரைட் கிளிக் செய்து கன்வெர்ட் டு லோக்கல் டேபிள் கொடுத்தாலும் விவரம் உள்ளே வந்துவிடும்.

லிங்க் பற்றி இன்னொன்று தெரிந்துகொள்ள வேண்டும். பாஸ்வேர்டு உள்ள ஃபைலுக்கு லிங்க் போட்டால், அந்தப் பாஸ்வேர்டு லிங்க் போட்ட ஃபைலுக்குள் எழுதி வைக்கப்படுகிறது. மறைத்து வைக்கப்பட்ட சிஸ்டம் டேபிள் ஒன்றில் அப்படியே படிக்கும்படி இருக்கும். ஆகவே குடோன் ஃபைலுக்கு எவ்வளவு கடினமான பாஸ்வேர்டு போட்டிருந்தாலும், லிங்க் வைத்திருக்கும் கடை ஃபைல் பூட்டில்லாமல் இருந்தால் அந்த வழியாக எல்லாமே திறந்தமாதிரிதான். லிங்க் வைத்திருந்தால் இரண்டுக்குமே பாஸ்வேர்டு வேண்டும். பின்னால் ஒருநாள் குடோன் ஃபைலின் பாஸ்வேர்டை மாற்றினால் லிங்க் அறுந்து 3031 என்ற பிழை வரும். லிங்கை டெலிட் செய்துவிட்டுப் புதிதாக லிங்க் போட்டால் போதும். லிங்கை டெலிட் செய்வதால் குடோன் ஃபைலில் இருக்கும் டேபிளுக்கு ஒன்றும் ஆகாது. இதற்குப் பயந்துகொண்டே பாஸ்வேர்டை மாற்றாமல் காலம் தள்ளுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை.

ஏற்கெனவே உள்ள டேபிளோடு சேர்ப்பது

இதுவரை சொன்னது புது டேபிளாகக் கொண்டுவருவது. நம் கடைக்கு வேண்டியது அதுவல்ல. கடை ஃபைலில் ஏற்கெனவே கடைக்காரர் டேபிள் இருக்கிறது, குடோனில் உள்ளவர்களும் அதிலேயே சேர வேண்டும். சிரமமே இந்த இடத்தில்தான்.

கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் அக்சஸ் தானாக ஒரு நம்பர் கொடுக்கும். ஆட்டோநம்பர் என்பார்கள். கடை ஃபைலில் 17ஆம் நம்பர் சோழவந்தான் கடை. குடோன் ஃபைலில் 17ஆம் நம்பர் மேலூர் கடை. பில் டேபிளில் கடைக்காரரின் பெயர் இருக்காது, 17 என்ற நம்பர் மட்டும்தான் இருக்கும். இரண்டையும் யோசிக்காமல் கலந்தால் மேலூர்க்காரர் வாங்கிய மிளகாய் வற்றல் சோழவந்தான்காரரின் பாக்கியில் ஏறும். அக்சஸ் பிழை எதுவும் காட்டாது, ஏனென்றால் அதன் கண்ணுக்கு எல்லாம் சரி.

எளிய தீர்வு ஒன்று உண்டு. குடோனிலிருந்து வரும் எல்லா நம்பரோடும் ஒரு பெரிய எண்ணைக் கூட்டிவிடுவது. கடை ஃபைலில் கடைசி நம்பர் 2,300 என்றால் 10,000 கூட்டலாம். மேலூர் கடை 10017 ஆகிவிடும். கூட்டும்போது கடைக்காரர் டேபிளில் உள்ள நம்பரிலும், பில் டேபிளில் உள்ள கடைக்காரர் நம்பரிலும் அதே 10,000 கூட்ட வேண்டும். பில் நம்பரும் ஆட்டோநம்பராக இருந்தால் அதற்கும் தனியாக ஓர் எண். அதை பில் டேபிளிலும் பில்லின் வரிகள் இருக்கும் டேபிளிலும் சேர்த்துக் கூட்ட வேண்டும். எந்த டேபிளில் எந்த நம்பரோடு எவ்வளவு கூட்டுகிறோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. ஒரு இடம் விட்டுப்போனாலும் கணக்கு வேறொருவர் தலையில் விழும்.

செய்யும் முறை: முதலில் குடோன் டேபிள்களை மேலே சொன்னபடி இம்போர்ட் செய்துகொள்ளுங்கள், அவை பின்னால் 1 ஒட்டிய பெயரில் வந்து நிற்கும். பிறகு கிரியேட் தாவலில் குவெரி டிசைன் கொடுத்து (குவெரி என்பது டேபிளுக்கு நாம் இடும் உத்தரவு) அந்த டேபிளைச் சேர்த்து, குவெரி வகையை அப்பெண்ட், அதாவது இன்னொரு டேபிளில் சேர்ப்பது, என்று மாற்றவும். எந்த டேபிளில் சேர்க்க என்று கேட்கும்போது பழைய கடைக்காரர் டேபிளைக் காட்டவும். நம்பர் வரும் கட்டத்தில் வெறும் ஃபீல்டு (டேபிளின் பத்தி) பெயருக்குப் பதிலாக ஃபீல்டு பெயரைச் சதுர அடைப்பில் இட்டுக் கூட்டல் 10000 என்று எழுதவும். கீழே அப்பெண்ட் டு வரிசையில் நம்பர் ஃபீல்டைக் குறிக்கவும். ஆட்டோநம்பர் ஃபீல்டில் கையால் நம்பர் அடிக்க அக்சஸ் விடாது, ஆனால் அப்பெண்ட் குவெரி வழியாக வரும் நம்பரை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

வரிசை முக்கியம். முதலில் கடைக்காரர், சரக்கு. அதற்குப் பிறகு பில். கடைசியில் பில்லின் வரிகள். உறவு போட்டிருக்கும் ஃபைலில் பில்லை முதலில் சேர்க்கப் போனால், அந்த நம்பரில் கடைக்காரரே இல்லையே என்று மறுத்துவிடும். சரக்குப் பட்டியலில் இன்னொரு நுணுக்கம்: இரண்டு இடத்திலும் துவரம்பருப்பு, உளுந்து, வெல்லம் என்று ஒரே சரக்குகள்தான் இருக்கும். அங்கே 10,000 கூட்டிச் சேர்த்தால் எல்லாச் சரக்கும் இரண்டு இரண்டாக நிற்கும். சரக்குக்கு மட்டும் குடோன் நம்பர் ஒரு பத்தி, கடை நம்பர் ஒரு பத்தி என்று ஒரு சிறு டேபிள் செய்து, பில் வரிகளைச் சேர்க்கும் குவெரியில் அதையும் இணைத்துக் கடை நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு சரக்கு என்றால் கையால் அடித்தே முடித்துவிடலாம்.

குவெரியை ரன் செய்து ஒன்றுமே நடக்கவில்லையென்றால் திரையின் மேல்பக்கம் மஞ்சள் பட்டை இருக்கிறதா பாருங்கள். எனேபிள் கன்டென்ட் கொடுக்கும்வரை டேபிளை மாற்றும் குவெரி எதையும் அக்சஸ் ஓடவிடாது. கீழே ஸ்டேட்டஸ் பாரில் சின்னதாக ஒரு வரி மட்டும் சொல்லும்.

ரன் ஆகும்போது எல்லா ரெக்கார்டும் சேரவில்லை என்று நீளமாக ஒரு செய்தி வரலாம். பலரும் படிக்காமல் யெஸ் அமுக்கிவிடுகிறார்கள். அதில் நான்கு எண்ணிக்கை இருக்கும். முதலாவது, வகை பொருந்தாமல் காலியாக விட்ட ஃபீல்டுகள். எழுத்து இருக்கும் ஃபீல்டை நம்பர் ஃபீல்டில் போட முயன்றதன் விளைவு. இரண்டாவது கீ வயலேஷன். அந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது, அல்லது உறவுக்கான மூல ரெக்கார்டு இல்லை. மூன்றாவது லாக், யாரோ அதே ரெக்கார்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நான்காவது வேலிடேஷன் விதி. டேபிளில் போட்டிருக்கும் கட்டுப்பாட்டை மீறுகிறது. யெஸ் என்றால் அவற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சேர்க்கும். நான்கில் எதுவும் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் நோ கொடுத்துவிட்டுக் காரணத்தைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

இரண்டு இடத்திலும் பெயர் உள்ள ஒரே கடைக்காரரைப் பிற்பாடு கண்டுபிடிக்க வேண்டும். பெயரை வைத்துத் தேடாதீர்கள். "முருகன் ஸ்டோர்" ஊருக்கு நான்கு இருக்கும், ஒரே கடையை ஒருவர் "ஸ்டோர்" என்றும் இன்னொருவர் "ஸ்டோர்ஸ்" என்றும் அடித்திருப்பார். குவெரி விசார்டில் ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ் எடுத்து போன் நம்பரில் தேடுவது பலன் தரும். அந்த ஃபீல்டு நம்பர் வகையாக இருந்தால் 0452 என்று தொடங்கும் மதுரை லேண்ட்லைன் நம்பர்கள் முதல் பூஜ்யத்தை இழந்திருக்கும். போன் நம்பருக்கு எப்போதும் ஷார்ட் டெக்ஸ்ட் வகைதான் சரி.

தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிந்தால்

பழைய ஃபைல்களில் தமிழ் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருக்கும். டேபிளுக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புது ஃபைலின் ஃபாரமில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கிலக் கிறுக்கல் தெரியும். இம்போர்ட்டில் எதுவும் கெடவில்லை, எழுத்துருவை மாற்றினால் பெயர் திரும்ப வந்துவிடும்.

ஆனால் கடை ஃபைலில் யூனிகோடு தமிழும் (தமிழ் எழுத்தே தமிழ் எழுத்தாகப் பதிவாகும் இன்றைய முறை) குடோனிலிருந்து பாமினித் தமிழும் ஒரே டேபிளில் கலந்துவிட்டால் எந்த எழுத்துரு போட்டாலும் பாதிப் பெயர்கள் கிறுக்கலாகத்தான் இருக்கும். தேடலிலும் அகரவரிசையிலும் இரண்டும் சேரவே சேராது. ஆகவே அப்பெண்ட் செய்யும் முன்னாலேயே, பின்னால் 1 ஒட்டிய தற்காலிக டேபிளில் இருக்கும்போதே, பெயர்களை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு நம்பர், பெயர், முகவரி ஆகிய பத்திகளை மட்டும் டெக்ஸ்ட் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்து, திரும்ப இம்போர்ட் செய்து, நம்பரை வைத்து இணைத்து அப்டேட் குவெரி போடலாம்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது பத்திகளைப் பிரிக்கக் கமாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாமினியில் கமாதான் "இ" என்ற எழுத்து. அரைப்புள்ளி மெய்யெழுத்தின் புள்ளி. இரண்டையும் பிரிப்பானாகப் போட்டால் மாற்றி அவற்றையும் எழுத்தாக மாற்றிவிடும், பத்திகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டேப் போடுவதே பாதுகாப்பு. திரும்ப இம்போர்ட் செய்யும்போது விசார்டில் அட்வான்ஸ்டு பொத்தானை அமுக்கிக் கோட் பேஜில் யூனிகோடு யூ.டி.எஃப். 8 என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வகைக் கிறுக்கல் கிடைக்கும்.

ஃபீல்டின் அளவையும் பாருங்கள். மதுரை என்று பாமினியில் அடித்தால் நான்கு குறி: ம, து, இணைக்கொம்பு, ர. "து" அங்கே ஒரே குறி. யூனிகோடில் த தனி, உகரக் குறி தனி என்பதால் மொத்தம் ஐந்து. பெயர் ஃபீல்டின் அளவு 20 என்று இறுக்கமாக வைத்திருந்தால் மாற்றிய பிறகு நீளப் பெயர்கள் அதற்குள் அடங்காது. முன்கூட்டியே 100 ஆக்கிவிடுங்கள். ஷார்ட் டெக்ஸ்ட் 255 வரை இடம் கொடுக்கும், பெரிய அளவு வைப்பதால் ஃபைல் பெருக்காது.

தினமும் செய்ய வேண்டியிருந்தால்

ஒவ்வொரு நாளும் கடை அடைக்கும் நேரத்தில் குடோன் டேபிளை இழுக்க வேண்டுமென்றால் அக்சஸோடு வரும் புரோகிராம் மொழியான வி.பி.ஏ.யில் டிரான்ஸ்ஃபர் டேட்டாபேஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதில் பாஸ்வேர்டு கொடுக்க இடமில்லை. ஓடும்போது பாஸ்வேர்டு பெட்டி எழுந்து நின்று ஆளுக்காகக் காத்திருக்கும். இதற்கான வழக்கமான வழி, அதற்கு முன்பே ஓப்பன் டேட்டாபேஸ் கட்டளையால் குடோன் ஃபைலைப் பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்து, அதைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபர் டேட்டாபேஸை ஓட்டி, கடைசியில் மூடுவது. ஃபைல் ஏற்கெனவே சரியான பாஸ்வேர்டோடு திறந்திருப்பதால் மறுபடி கேட்காது. நடுவில் மூடிவிட்டால் பெட்டி மறுபடி வந்துவிடும்.

பாஸ்வேர்டை வி.பி.ஏ. கோடுக்குள்ளேயே (புரோகிராம் வரிகளுக்குள்ளேயே) எழுதி வைத்தால் கோடைத் திறந்து பார்க்கிற எவருக்கும் தெரியும். ஒரு சிறு ஃபாரமில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெட்டியின் இன்புட் மாஸ்க்கில் பாஸ்வேர்டு என்று வைத்தால் நட்சத்திரமாகத் தெரியும். பாஸ்வேர்டுக்குள் அரைப்புள்ளி இருக்கவே கூடாது, ஏனென்றால் ஃபைலைத் திறக்கக் கோடில் கொடுக்கும் இணைப்பு வரியில் ஒரு பகுதி முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் வரும் சிக்கல் ஒன்று: வி.பி.ஏ. எடிட்டரில் தமிழ் அடித்தால் கேள்விக்குறியாக மாறிவிடும். டேபிளுக்கோ ஃபோல்டருக்கோ தமிழில் பெயர் வைத்திருந்தால் அதைக் கோடில் நேராக எழுத முடியாது. டேபிளுக்குள் இருக்கும் விவரம் தமிழில் இருக்கட்டும். டேபிள், ஃபீல்டு, ஃபோல்டர், ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பதுதான் இங்கே எடுபடும்.

வி.பி.ஏ. வேண்டாம் என்று மேக் டேபிள் குவெரி (புது டேபிளாகவே செய்து வைக்கும் குவெரி) போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த வழியில் ரெக்கார்டுகள் வரும், ஒரே நம்பர் இரண்டு தடவை வராமல் காக்கும் பிரைமரி கீயும், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸும் வராது. அடுத்த வாரம் ஒரே நம்பரில் இரண்டு ரெக்கார்டு விழுந்தால் தடுக்க ஆளிருக்காது.

வழக்கமான பிழைகள்

3031 என்றால் பாஸ்வேர்டு தவறு. 3343 என்றால் ஃபைல் வகை புரியவில்லை, எம்.டி.பி. ஃபைலிலிருந்து ஏ.சி.சி.டி.பி.க்கு லிங்க் போட முயன்றால் வரும். திசையைத் திருப்பி, புது வகை ஃபைலில் இருந்துகொண்டு பழையதை இழுங்கள். 3045, 3051 இரண்டும் அநேகமாக வேறு யாரோ ஃபைலைத் திறந்து வைத்திருப்பதன் அடையாளம். 3051 என்றால் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாமலும் இருக்கலாம். அக்சஸ் 97இல் செய்த ஃபைலை 2013 முதலான பதிப்புகள் திறப்பதில்லை. 2010 போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடி அதில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 2007 பதிப்பு போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கவில்லையென்றால், பிந்தைய பதிப்பில் புது வகை என்கிரிப்ஷனோடு பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். பிந்தைய பதிப்பில் ஆப்ஷன்ஸ், கிளையன்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் லெகசி என்கிரிப்ஷன் என்று மாற்றலாம். மாற்றியதும் பழைய ஃபைல் தானாக மாறாது. பாஸ்வேர்டை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். பாஸ்வேர்டு போடவும் எடுக்கவும் ஃபைலை ஓப்பன் எக்ஸ்க்ளூசிவ் முறையில் திறந்திருக்க வேண்டும். ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் அது நடக்காது. அக்சஸை முதலில் திறந்து, ஓப்பன் பெட்டியில் ஓப்பன் பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியில் அந்தத் தேர்வு இருக்கும்.

வழியில் எக்செல் மூலம் சுற்றி வருவது எளிதாகத் தோன்றும். ஆனால் பூஜ்யத்தில் தொடங்கும் போன் நம்பர்கள் கெடலாம், சி.எஸ்.வி.யாக (கமாவால் பிரித்த டெக்ஸ்ட் ஃபைலாக) போனால் தேதியில் நாளும் மாதமும் இடம் மாறலாம். அக்சஸிலிருந்து அக்சஸுக்கு நேராகப் போகும்போது இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

சரிபார்த்து, துடைத்துவிடுவது

சேர்த்து முடித்ததும் இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். ரெக்கார்டு எண்ணிக்கை (சரக்கு டேபிள் தவிர): கடையில் முன்பு இருந்தது, குடோனிலிருந்து வந்தது, இரண்டையும் கூட்டினால் இப்போதுள்ளது வர வேண்டும். அடுத்து பாக்கித் தொகையின் மொத்தம். அதுவும் அப்படியே கூட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தாலும் நம்பர் தவறாக ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே மேலூரில் ஒரு கடை, உசிலம்பட்டியில் ஒரு கடை என்று நாலைந்து பேரைப் பொறுக்கி, அவர்களின் பழைய பில்லைக் குடோன் ஃபைலில் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் பழைய ஃபைலை ஓரங்கட்ட வேண்டாம்.

பின்னால் 1 ஒட்டிய தற்காலிக டேபிள்களை டெலிட் செய்த பிறகு கம்பாக்ட் அண்ட் ரிப்பேர் கொடுக்க வேண்டும். டெலிட் செய்தாலும் ஃபைலின் அளவு குறையாது, கம்பாக்ட் செய்தால்தான் குறையும். ஒரு ஃபைலின் உச்ச அளவு 2 ஜி.பி. என்பதால் தினமும் இழுத்து டெலிட் செய்யும் ஃபைலுக்கு இது கட்டாயம்.

பெயர் மாற்றுவதற்காக எடுத்த டெக்ஸ்ட் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. அதை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் நீக்குங்கள். பாஸ்வேர்டை எடுத்துவிட்டுச் செய்த காப்பி எங்காவது இருந்தால் அதையும். டெஸ்க்டாப் ஃபோல்டர் ஒன்டிரைவோடு இணைந்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் அந்த ஃபைல்கள் இணையத்திலும் ஏறியிருக்கும்; அங்கே குப்பைத்தொட்டி வேறு தனியாக இருக்கிறது, அதையும் காலி செய்ய வேண்டும்.